திசைக் கோசைனும் வேலிப் பொட்டும்

தம்பிராசா மாஸ்டரின் குடும்பத்தில் யாரும் குனிந்ததில்லை. இதை அவர் சும்மா பெருமைக்காகச் சொல்வதில்லை, சாட்சியோடு சொல்வார். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய அப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தார். ஒருநாள் இறங்குதுறையில் காற்றடித்து அப்பாவின் தொப்பி ஓர் ஆங்கிலேய அதிகாரியின் சப்பாத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. எடுக்க வேண்டுமானால் அந்தச் சப்பாத்துக்கு முன்னால் குனிய வேண்டும். அப்பா நின்றார். அதிகாரியும் நின்றான். தொப்பிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. உருண்டு போய்க் கடலில் விழுந்தது. உச்சி வெயிலில் வெறுந்தலையோடு வீட்டுக்கு வந்த அப்பா, "தொப்பி கடையில வாங்கலாம்" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த அப்பாவின் மகன் வீட்டில் சாய்மனைக் கதிரை கிடையாது. விறாந்தையில் நேர்முதுகுக் கதிரை ஒன்று கிழக்கு நோக்கிப் போடப்பட்டிருக்கும். கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு மாஸ்டர் காலையும் மாலையும் அதில் அளவுகோலை நிறுத்தி வைத்தது போல இருப்பார். இருந்து, எதிரே வேலியோரமாக நிற்கும் தென்னையைப் பார்ப்பார்.

அந்தத் தென்னையின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வளவு மாஸ்டரின் மனைவி பாக்கியரத்தினத்துக்குச் சீதனமாக வந்தது. வீடு சீதனம், கிணறு சீதனம், மாமரம் சீதனம். கலியாணத்தன்று மாஸ்டரின் அப்பா ஒரு தென்னம்பிள்ளையைக் கொண்டுவந்து, சம்பந்தி வீட்டார் பார்த்திருக்கத் தன் கையாலேயே குழி வெட்டி நட்டார். ஆக, அந்த வளவு முழுவதிலும் மாஸ்டரின் குடும்பத்துக்கென்று இருந்தது அந்த மரம் ஒன்றுதான். அது கதிரையிலிருந்து பார்க்கும்போது விறாந்தைத் தூணோடு தூணாக நேராக நின்றது. எங்கள் மரம், எங்களைப் போல, என்று மாஸ்டர் நினைத்துக்கொள்வார்.

வேலிக்கு அங்கால் பாக்கியரத்தினத்தின் தம்பி வில்வராசாவின் வீடு. சந்தைக்குக் கிட்ட மீன்பிடி வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தான். மனைவி கொழும்பில் மகளோடு நிற்கப் போயிருந்ததால் அந்த நாட்களில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிய ஒரு காலையில், சம்பலுக்குத் தேங்காய் இல்லையென்று கடைக்கு வெளிக்கிட்டவன் குசினிக்குள் பேர்ஸைத் தேடிக்கொண்டு நின்றபோது, கூரைச் சீற்றை உடைத்துக்கொண்டு ஒரு முற்றிய தேங்காய் உள்ளே வந்து அடுப்படியில் விழுந்தது. தெய்வம் கொடுப்பதென்றால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். வில்வராசா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தேங்காயைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரின் படலைக்கு வந்தான்.

"அத்தான், இது உங்கட தேங்காய்."

"வைச்சிட்டுப் போ."

"என்ர குசினிக் கூரையால வந்தது."

"கச்சான் அடிக்குதெல்லோ. காத்துக் கொண்டந்திருக்கும்."

"காத்துக் கொண்டாறதுக்கு இதென்ன பஞ்சே? மரம் எங்கட பக்கம் சரிஞ்சு போச்சு அத்தான். மேல பாத்தா வட்டு, ஓலை குலையெல்லாம், என்ர கூரைக்கு நேர நிக்குது. நாளைக்கு மரமே வரும். தறிச்சுவிடுங்கோ."

தறிப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் மாஸ்டர் எழுந்துவிட்டார்.

"எங்கட அப்பா நட்ட மரம் அடுத்தவன்ர கூரைக்கு மேல சரியாது."

"மரத்துக்கு உங்கட அப்பாவைத் தெரியுமே?"

இந்தக் கேள்விக்குப் பிறகு சமாதானத்துக்கு இடமில்லாமல் போயிற்று. தேங்காய் வில்வராசாவோடேயே திரும்பிப் போயிற்று. இனி வில்வராசாவின் வளவுக்குள் தன் கால் படாது என்று மாஸ்டர் சத்தியம் செய்தார். அதோடு நிற்கவில்லை. தன் குசினிக்குப் பின்னால், வாழைப் புதருக்கு அப்பால் இருந்த வேலிப் பொட்டுக்குத் தகரம் வைத்துக் கட்டச் சொன்னார்.

பொட்டு என்பது வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு விட்டிருக்கும் இடைவெளி. பெண்களின் வழி அது. உப்பு போகும், கறி வரும், ஊர்க் கதை இரண்டு பக்கமும் போய்வரும். ஆண்கள் படலையால்தான் போவார்கள். மாஸ்டர் கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து பொட்டுப் பக்கம் போனதே இல்லை. குனிந்து நுழைய வேண்டிய வாசலில் அவருக்கு என்ன வேலை?

பொட்டு மூடியதும் பாக்கியரத்தினத்துக்குத்தான் கரைச்சல். தம்பிக்கு ஒரு கிண்ணம் சொதி கொடுக்க வேண்டுமென்றாலும் சேலை மாற்றி, குடை எடுத்து, படலையைத் திறந்து வீதியால் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மட்டக்களப்புக்குப் பயணம் போகிறவள் போல அவள் வெளிக்கிடுவதை ஒழுங்கையே பார்த்தது. அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

"எங்க அக்கா பயணம்?" என்று முன்வீட்டார் கேட்டால், "தம்பி வீட்ட" என்று பக்கத்து வீட்டைக் கையால் காட்டுவாள்.

ஒருநாள் கணவனிடம் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உந்தப் பொட்டுக்குள்ள நிண்டு ஒருக்கா மரத்தைப் பாருங்கோவன்."

"பொட்டுக்குள்ள பூந்து பாக்கிற பரம்பரை இல்லை நாங்கள்."

"சரி, றோட்டில நிண்டெண்டாலும் பாருங்கோ."

"நடுறோட்டில நிண்டு அண்ணாந்து பாக்கிற பரம்பரையும் இல்லை."

வீதியில் நின்றாலும் மதிலோரத்து வேம்பு மரத்தை முக்கால்வாசி மறைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அவர் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அவளும் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

வில்வராசா பிரதேச செயலகத்தில் முறைப்பாடு கொடுத்தான். அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் வந்து, மரத்தடியில் தன் கைத்தொலைபேசியைச் சாத்திப் பிடித்து, "நிலைக்குத்துக்குப் பன்னிரண்டு பாகை சரிவு" என்று சொல்லி, அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வெயிலுக்குப் பயந்து போய்விட்டான். எந்தப் பக்கம் சரிவு என்று எழுதவில்லை. கண்ணிருக்கிறவனுக்குத் தெரிவதை எதற்கு எழுதுவது என்று நினைத்திருக்கலாம். விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போயிற்று.

பன்னிரண்டு பாகை என்றது மாஸ்டரைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. கதிரையிலிருந்து பார்த்தால் மரம் நேர். ஆனால் எண் எண்தான். எண்ணோடு சண்டைபோடுவது அவர் தொழிலுக்கு அழகல்ல. அலுமாரியைத் திறந்து பெரிய பாகைமானியை எடுத்தார். நூலில் ஒரு ஈயக்குண்டைக் கட்டி விறாந்தை வளையில் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, மரத்தை நூலோடு ஒப்பிட்டார். மரம் இடப்பக்கம், அதாவது வீதிப் பக்கம், ஒரு மயிரிழை. அவ்வளவுதான்.

பிறகு கதிரையில் இருந்து யோசித்தார். முப்பரிமாண வெளியில் ஒரு நேர்கோடு நிற்கிறது என்றால் அதன் போக்கைச் சொல்ல மூன்று கோணங்கள் வேண்டும். மரத்தின் அடியை மூலையாக வைத்து, மேலே ஓர் அச்சு, வீதியை நோக்கி ஓர் அச்சு, வில்வராசா வீட்டை நோக்கி ஓர் அச்சு. இந்த மூன்றோடும் மரம் ஆக்கும் கோணங்களின் கோசைன்கள்தான் திசைக் கோசைன்கள். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் எப்போதும் ஒன்று வரும். மரம் தென்னையானாலும் ஒன்று, பனையானாலும் ஒன்று. வகுப்பில் இதை அவர் சோற்றுப்பானை என்று சொல்லிக் கொடுப்பார். மூன்று சகோதரருக்கு ஒரு பானைச் சோறு. இரண்டு பேர் தின்றது தெரிந்தால் மூன்றாமவன் தின்றதை அவனிடம் கேட்கத் தேவையில்லை.

இந்த வசதிதான் மாஸ்டரைக் கவர்ந்தது. மேல் அச்சோடு பன்னிரண்டு பாகை என்பதை அலுவலகமே தந்துவிட்டது. வீதி அச்சோடு ஏறக்குறையச் செங்கோணம். அதைத் தன் விறாந்தையிலேயே அளந்தாயிற்று. மூன்றாவது கோணத்தை அளக்க மைத்துனன் வளவுக்குள் கால் வைக்க வேண்டும். வைக்கத் தேவையில்லை. கணித்துக்கொள்ளலாம். சத்தியமும் தப்பும், கணிதமும் தப்பாது.

கணித்தார். வர்க்கம் வந்தது. வர்க்கமூலம் எடுத்தார். ஏறக்குறையத் தசம் இரண்டு, அதாவது ஐந்தில் ஒன்று.

அங்கேதான் பேனை நின்றது. வர்க்கமூலம் என்றால் கூட்டல் குறியோடு ஒன்று, கழித்தல் குறியோடு ஒன்று என்று விடை இரண்டு: சக தசம் இரண்டு, சய தசம் இரண்டு. சக என்றால் மரம் வில்வராசாவின் குசினி மேல் சரிந்திருக்கிறது. சய என்றால் அது மாஸ்டரின் விறாந்தையை நோக்கிச் சரிந்திருக்கிறது. முன்னால் இருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவனை நோக்கிச் சாய்ந்த மரமும் அவனை விட்டுச் சாய்ந்த மரமும் நேராகவே தெரியும்.

மாஸ்டர் மரத்தைப் பார்த்தார். அப்பா கையால் நட்ட மரம். அந்தப் பெரிய சீதன வளவில் தனியாக வளர்ந்த மரம். அது எங்களை நோக்கி வராமல் வேறு எங்கே போகும்?

சய என்று எழுதினார். மற்றதை எழுதவில்லை.

மத்தியஸ்த சபை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடியது. சின்னப் பிள்ளைகளின் வகுப்பறை. வாங்குகள் முழங்கால் உயரம். எல்லாரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்க, மாஸ்டர் நின்றே பேசினார். தலைவராக இருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஸைனுலாப்தீன், ஓய்வுபெற்ற அதிபர். மாஸ்டர் கரும்பலகையில் மூன்று அச்சுகளைக் கீறி, தென்னையை ஒரு கோடாக வரைந்து, கணக்கைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்து காட்டினார். அயலில் மாட்டு வழக்குக்கு வந்திருந்த இரண்டு பேர்கூடத் தங்கள் வழக்கை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆகவே," என்று சோக்கை வைத்தார் மாஸ்டர், "மரம் என்ர பக்கம்தான் சரிஞ்சிருக்கு."

வில்வராசா எழுந்தான்.

"ஐயா, எனக்குக் கணக்குத் தெரியாது. கயிறு விக்கிறவன் நான். ஆனா ஒண்டு தெரியும். வர்க்கமூலத்துக்கு முன்னால சக சய ரெண்டும் போடாட்டி ரெண்டு புள்ளி போகும்."

ஸைனுலாப்தீன் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார். "இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ர மகள் கீர்த்தனிக்குப் போனது. இந்த அத்தான்தான் படிப்பிச்சவர். மருமகளெண்டும் பாக்கேல்லை. நூறுக்குத் தொண்ணூற்றெட்டு. அண்டைக்கு அவள் சாப்பிடேல்லை. அவள் சாப்பிடேல்லையெண்டு தாய் சாப்பிடேல்லை. ரெண்டு பேரும் சாப்பிடாததால எனக்கும் ஒருத்தரும் சோறு போடேல்லை. அதை நான் மறப்பனே?"

இந்தக் கதையை அவன் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சொல்லிவந்தது குடும்பத்துக்கே தெரியும். கணக்குக்குப் பயன்படும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

"சேர்," என்றார் ஸைனுலாப்தீன் மெதுவாக, "மச்சான் சொல்றதும் சரிதானே. விடை ரெண்டு இரிக்கி. நீங்க ஒண்டைத்தான் கொண்டு வந்திரிக்கிறீங்க. மற்றது எங்க?"

"மற்றது பொருந்தாது."

"ஏன் பொருந்தாது?"

"அது எங்கட குடும்பத்தின்ர மரம்."

மாட்டு வழக்குக்காரர் இருவரும் சிரித்தார்கள். மாஸ்டர் அவர்களைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. அந்தப் பார்வையில் பல ஆண்டு வகுப்பறை இருந்தது.

"அங்கால போய்ப் பாத்தீங்களா சேர்?"

"அந்த வளவில கால் வைக்கிறேல்லை எண்டு சத்தியம்."

ஸைனுலாப்தீன் சற்று நேரம் தாடியைத் தடவினார். "சரி. சேர் படிப்பிச்ச மனுசன். சேர்ட வார்த்தைய நான் எடுத்துக்கிறன். மரத்தைத் தறிக்கத் தேவையில்ல. இழுவைக் கம்பி போட்டுக் கட்டினாப் போதும். ஆனா மரம் எந்தப் பக்கம் சரிஞ்சிரிக்கோ, அதுக்கு எதிர்ப்பக்கம்தானே கம்பிய இழுக்கணும்? சேர்ட பக்கம் சரிஞ்சிரிக்கெண்டா, கம்பி மச்சான்ட வளவில இறங்கணும். மச்சான் சம்மதமா?"

மாஸ்டர் இதை எதிர்பார்க்கவில்லை. வில்வராசாவும்தான். அவன் அத்தானைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு பிடிவாதம் வந்து இருந்துகொண்டது.

"சம்மதம் ஐயா. அத்தான்ர கணக்கெண்டா கணக்குத்தான். கம்பியும் நானே தாறன், கப்பல் கம்பி. என்ர குசினி வாசல்லயே முளையை அடிக்கட்டும். மரம் எங்க வருதெண்டு பாப்பம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மாஸ்டர் மனைவியிடம், "வெண்டாச்சு" என்றார்.

"ஓம்" என்றாள் பாக்கியரத்தினம்.

அந்த ஓம் அவருக்குப் பிடிக்கவில்லை. நீளம் குறைவாக இருந்தது.

குறித்த நாளில் இறக்கக்கண்டியிலிருந்து றிஸ்கான் வந்தான். மரம் ஏறுவது, கேபிள் இழுப்பது, தண்ணீர்த் தாங்கி ஏற்றுவது எல்லாம் செய்பவன். கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மாஸ்டர் பக்கத்தால் மரத்தில் ஏறினான். பாதி ஏறியதும் நின்றான்.

"சேர்."

"என்ன?"

"நான் மரத்துக்கு மேல படுத்த மாதிரி ஏறுறன்."

"அதுக்கென்ன?"

"உங்கட பக்கம் சரிஞ்ச மரமெண்டா நான் கீழால தொங்கிட்டெல்லோ ஏறணும்?"

மாஸ்டர் குரலை உயர்த்தினார். "நீ ஏறுற வேலையைப் பார். கணக்கு முடிஞ்சுது."

றிஸ்கான் வட்டுக்குப் போய்க் கம்பியைக் கட்டினான். மேலிருந்து மறுபடியும் குரல் வந்தது. "சேர், என்ட காலுக்கு நேர கீழ மச்சான்ட குசினி தெரியிது. உடைஞ்ச சீற்றுக்குள்ளால அடுப்பும் தெரியிது."

"உயரத்தில நிண்டாக் கீழ உள்ளதெல்லாம் கிட்டத்தான் தெரியும்."

"எனக்கென்ன சேர். சபைக் கடுதாசி இரிக்கி." அவன் இறங்கி, வீதியால் சுற்றி, வில்வராசாவின் வளவுக்குப் போனான். அங்கே குசினி வாசலில் இரும்பு முளை அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கம்பியை இறுக்கும் செயின் புளொக்கின் கிளுக் கிளுக் என்ற சத்தம். வட்டிலிருந்து வேலிக்கு அப்பால் போன கம்பி மெல்ல நிமிர்ந்தது.

மாஸ்டர் கதிரையில் இருந்தார். மரம் நேராகத்தான் தெரிந்தது. ஆனால் மரத்தின் மேல் படுத்த மாதிரி ஏறினேன் என்ற சொல் காதுக்குள் ஒரு நுளம்பு போலச் சுற்றியது. சக தசம் இரண்டு. சய தசம் இரண்டு. சய சரியென்றால் கம்பி மரத்தை நிமிர்த்தும். சக சரியென்றால், அதே கம்பி, சரிந்த பக்கத்துக்கே மரத்தை இன்னும் இழுக்கும். ஐந்தடி மேலே போக ஓரடி பக்கத்தால் போகிற மரம் அது. திசை விகிதம் அப்படி. அந்த உயரத்துக்கு அது போய் விழுகிற இடம்...

அப்போது குசினிப் பக்கத்தில் தகரம் பிடுங்கும் சத்தம் கேட்டது.

"என்னப்பா அது?"

"நான்தான்," என்றாள் பாக்கியரத்தினம் உள்ளிருந்து. "தம்பியின்ர குசினியில பிட்டு அவிக்கப் போறன். அவன் காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."

"இப்பவே? கம்பி இழுக்கிறாங்களெல்லோ?"

"இழுக்கட்டும். உங்கட கணக்குச் சரியெண்டா மரம் உங்கட பக்கம்தானே. எனக்கு அங்க ஒரு பயமுமில்லை."

பிட்டுப் பானையின் மூடி ஒருமுறை தட்டுப்பட்டது. பிறகு சத்தமில்லை. பொட்டால் போய்விட்டாள்.

மாஸ்டர் எழுந்தார். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து நடக்காத பாதையில் நடந்தார். குசினியைக் கடந்து, அம்மியைக் கடந்து, வாழைப் புதரை விலக்கி, பொட்டடிக்கு வந்தார். "பாக்கியம், திரும்பி வா" என்று கூப்பிட்டார். அங்கால் அடுப்பு மூட்டும் ஓசைதான் பதில். செயின் புளொக் கிளுக் என்றது. வேலித் தகரம் அவர் தலைக்கு மேல் உயரமாக இருந்தது, பொட்டு அவர் மார்பளவுதான். போவதென்றால் குனிய வேண்டும். குனிந்து போனால் கால் அந்த வளவில் படும்.

நின்றார். அப்பாவின் தொப்பி ஞாபகம் வந்தது. ஆனால் தொப்பியைக் கடையில் வாங்கலாம்.

தம்பிராசா மாஸ்டர் குனிந்தார். முதுகு ஒவ்வொரு எலும்பாக எதிர்ப்புத் தெரிவித்தது. கால் இரண்டையும் தன் வளவில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் பொட்டுக்குள்ளால் நீட்டி, "பாக்கியம்" என்று மறுபடி கூப்பிட முகத்தைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தில் வேலி நேராக வீதியை நோக்கி ஓடியது. வேலியோரத்தில் தென்னை நின்றது.

நின்றது என்று சொல்லக் கூடாது. குசினிக்குள் என்ன கறி என்று எட்டிப் பார்க்கிற ஆளைப் போல, வேலியைத் தாண்டி உடம்பு முழுவதையும் வில்வராசாவின் கூரைக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பாகை. ஐயத்துக்கு இடமில்லாத சக. அந்தக் கம்பி அதை இன்னும் வா, இன்னும் வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இத்தனை ஆண்டும் இந்தப் பொட்டால் உப்பும் கறியும் கொண்டுபோனவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கிறது. வேலிக்கு இங்கால் அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை.

"றிஸ்கான்," என்றார் மாஸ்டர். தலை அங்கேயும் கால் இங்கேயுமாக இருந்தபோதும் குரல் வகுப்பறைக் குரலாகவே வந்தது. "கம்பியை விடு."

றிஸ்கான் விட்டான். கம்பி தளர்ந்து தரையில் விழுந்தது. வில்வராசா குசினி வாசலிலிருந்து ஓடிவந்து, வேலிப் பொட்டில் தெரிந்த அத்தானின் தலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். இப்படி ஒரு காட்சியைக் காண்பான் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. வெல்வதற்குக் கிடைத்த நேரம் அது. ஆனால் அந்தக் குனிவைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிக்க மனம் வரவில்லை.

"என்ன அத்தான்?"

"குறி மாறிப் போச்சு. சக."

"அப்ப சத்தியம்?"

"கால் வைக்கேல்லை. நல்லாப் பார்."

வில்வராசா குனிந்து பார்த்தான். கால் இரண்டும் அந்தப் பக்கமே நின்றன. "ஓம், வைக்கேல்லை," என்று ஒப்புக்கொண்டான்.

குசினிக்குள்ளிருந்து பாக்கியரத்தினம் எட்டிப் பார்த்தாள். கணவனின் தலையைக் கண்டாள். "பிட்டு அவியக் கொஞ்ச நேரமாகும்," என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

குனிந்ததைவிட நிமிர்வது கஷ்டமாக இருந்தது. றிஸ்கான் வீதியால் ஓடிவந்து தோளைப் பிடித்துத்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது. நிமிர்ந்த கையோடு மாஸ்டர் புதிய கணக்கைச் சொன்னார். மரம் கிழக்கே சரிந்திருக்கிறது. கம்பி மேற்கே இறங்க வேண்டும். இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு தூரம். றிஸ்கான் நாடாவைப் பிடித்துக்கொண்டு மரத்தடியிலிருந்து பின்னோக்கி நடந்தான். நடந்து, விறாந்தைப் படியில் ஏறி, நேர்முதுகுக் கதிரையில் முட்டி நின்றான்.

"சேர், முளை இதிலதான் வருது. கதிரைய எடுக்கணும்."

"கொஞ்சம் இங்கால, அங்கால?"

"உங்கட கணக்குத்தானே சேர்."

மாஸ்டர் கதிரையைத் தானே தூக்கினார். வளவில் அதற்கு வேறு ஒரு நல்ல இடம் வேண்டும். மாமரத்தடி நிழல் சரியில்லை. கிணற்றடி ஈரம். கடைசியில் வாழைப் புதருக்குப் பக்கத்தில், பொட்டுக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார். அங்கிருந்து பார்த்தால் மரம் தன் பன்னிரண்டு பாகையையும் ஒளிக்காமல் காட்டியது. பார்க்கப் பார்க்க அதில் ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்தது.

மாலையில் கம்பி விறாந்தையில் இறங்கி இறுகிய பிறகு, வில்வராசா பொட்டால் பிட்டும் சம்பலும் கொண்டுவந்தான். கூரையால் விழுந்த அதே தேங்காயின் சம்பல்.

"அத்தான், ஒரு கதை. கீர்த்தனியின்ர அந்த ரெண்டு புள்ளி. இனியெண்டாலும் போட்டுவிடலாமே?"

"அவள் சக சய போடேல்லை. வெட்டினது சரி."

"நீங்களும் போடேல்லைத்தானே."

"அதுக்குத்தான் எனக்கும் ரெண்டு வெட்டு. தொண்ணூற்றெட்டு." மாஸ்டர் பிட்டை வாயில் போட்டார். "அவளுக்குச் சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒரே புள்ளி எண்டு."

வில்வராசா உடனே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தான். மகள் சிரித்தது வேலிக்கு இங்கால் வரை கேட்டது.

மறுநாள் காலையில் மாஸ்டர் கதிரைக்கு வந்தபோது, அங்கால் வில்வராசா தகரம் வெட்டும் கத்தரிக்கோலோடு நின்றான். பொட்டுக்கு மேலிருந்த தகரத்தை அகற்றி, இரண்டு கம்பும் குறுக்கே ஒரு வளையும் வைத்து, நின்ற நிலையில் போகக்கூடிய ஒரு வாசலாக்கியிருந்தான். உயரம் அத்தானின் உயரத்துக்கு மேல் நான்கு விரல். அக்காவிடம் கேட்டு அளவெடுத்திருக்க வேண்டும்.

பாக்கியரத்தினம் சொதிக் கிண்ணத்தோடு நிமிர்ந்தபடியே அதற்குள்ளால் போனாள்.

மாஸ்டர் எழுந்து, வாசலின் நடுவில், தன் பக்கத்திலேயே நின்றார். தலை தட்டவில்லை. முதுகு நேராக இருந்தது. தகரம் வெட்டிய விளிம்பை மேலிருந்து கீழாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"வெட்டு நேராயில்லை" என்றார்.